எது காத்திருக்கும்?

"கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்" என்று பழமொழி சொன்ன பெரியவர் இரண்டு காரியங்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் காலத்தில் கஷ்டங்கள் அவ்வளவுதான் போலிருக்கிறது! இன்று இருந்திருந்தால், "கல்யாணமான கையோடு புது உத்தியோகத்தில் சேர்ந்து பார், மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுப் பார், கையிருப்பில் இருக்கும் காசுக்குள் தேனிலவும் போய்ப் பார்" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லியிருப்பார்.

இந்த மூன்றும் தனித்தனியே வந்தால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் இவை சேர்ந்துதான் வருகின்றன. பையனுக்கு நல்ல வேலை கிடைத்தது என்றதும் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்குகிறார்கள். பெண்ணுக்குப் படிப்பு முடிந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும்; இன்னும் ஒரு பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கல்யாணத்தை ஒட்டி ஒருவர் ஊர் மாற வேண்டியிருக்கிறது. ஊர் மாறினால் வேலையும் மாறுகிறது. இதற்கு நடுவே, "எங்கேயாவது நாலு நாள் போய்வாருங்களேன்" என்று சிநேகிதர்கள் தொந்தரவு செய்கிறார்கள். ஜோசியர் பத்துப் பொருத்தமும் பார்த்துக் கொடுத்தார். தேதிப் பொருத்தம் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை!

தேதிப் பொருத்தத்தை நாமே பார்த்துவிடலாம். அதற்குப் பஞ்சாங்கமும் வேண்டும். இங்கிலீஷ் காலண்டரும் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இரண்டு காலண்டர்கள்

நம் வீடுகளில் மார்கழியிலும் ஆடியிலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே தை பிறந்ததும் ஒரு கூட்டம், வைகாசியில் ஒரு கூட்டம், ஆடி கழிந்து ஆவணி வந்ததும் ஒரு கூட்டம் என்று முகூர்த்தங்கள் நெருங்கி வருகின்றன. கல்யாண மண்டபத்துக்காரருக்கு இது தெரியும், பூக்கடைக்காரருக்கும் தெரியும். பரீட்சை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியாது.

தை மாதம் என்பது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரையில். பொறியியல் பட்டதாரிகள் ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் எம்.டெக். சேருவதற்கு எழுதும் 'கேட்' தேர்வு நடப்பது பிப்ரவரியில். தை முகூர்த்தத்தில் தாலி கட்டிக்கொண்ட பெண்ணுக்கு மஞ்சள் கயிற்றின் நிறம் மங்குவதற்குள் பரீட்சை வந்துவிடும். வைகாசிக் கல்யாணம் என்றால் மே, ஜூன். மலை ஊர்களில் கோடை சீசன் உச்சத்தில் இருக்கும் காலம். அறை வாடகையும் உச்சத்தில்தான் இருக்கும். ஆவணி என்பது ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. மேற்சொன்ன 'கேட்' தேர்வுக்கும், ஐ.ஐ.எம். நிர்வாகக் கல்லூரிகளில் சேருவதற்கு நவம்பர் கடைசியில் நடக்கும் மற்றொரு 'கேட்' தேர்வுக்கும் விண்ணப்பம் வாங்குவது இந்த நாட்களை ஒட்டித்தான். (இங்கிலீஷில் வெவ்வேறான இரண்டு பெயர்களும் தமிழில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. இரண்டையும் எழுத நினைப்பவருக்கு ஒரு பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்!)

தேதிகள் வருஷத்துக்கு வருஷம் சில நாட்கள் முன்பின்னாக மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நிச்சயதார்த்தத்தன்றே பார்த்துக்கொண்டால் நல்லது. முகூர்த்தப் பத்திரிகையில் முதல் பிரதி குலதெய்வத்துக்கு வைப்பது வழக்கம். இரண்டாவது பிரதியின் பின்பக்கத்தில் அடுத்த ஆறு மாதத்துத் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்; தெய்வக் குற்றம் ஒன்றும் வராது.

இந்தத் தேதிகளைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இவற்றில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது?"

பொதுவாக நாம் செய்வது இதற்கு நேர் எதிர். எது அதிகச் சத்தம் போடுகிறதோ அதை முதலில் கவனிக்கிறோம். ஆபீஸில் மேலதிகாரி சத்தம் போடுகிறார், கவனிக்கிறோம். பெரிய அத்தை விருந்துக்கு வரவில்லையென்று சத்தம் போடுகிறார், ஓடுகிறோம். விண்ணப்பத்தின் கடைசித் தேதி மட்டும் சத்தமே போடுவதில்லை. அது வந்த சுவடு தெரியாமல் வந்து, போன சுவடு தெரியாமல் போய்விடுகிறது. போனால் ஒரு வருஷம் போயிற்று.

புது உத்தியோகம்: சொன்னால் காத்திருக்கும்

புது வேலை மிகவும் கண்டிப்பானது போலத் தோன்றும். உண்மையில் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எப்போது சொல்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சேர்ந்த பத்தாம் நாள், "ஸார், எனக்குக் கல்யாணம்" என்று போய் நின்றால் மேலதிகாரியின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நியமனக் கடிதம் கைக்கு வரும் முன், சம்பளம் பேசும் அதே சமயத்தில், "இன்ன தேதியில் கல்யாணம், இத்தனை நாள் லீவு வேண்டும்" என்று சொல்லி, அதை எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலைக்கு ஆளை எடுக்க விரும்பும் நேரத்தில் நாலு நாள் லீவு அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

லீவு விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் வரும் இடங்களில், சம்பளத்தோடு கூடிய வருஷ விடுமுறை 12 நாள் உண்டு. ஆனால் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகுதான் அது கைக்கு வரும். சேர்ந்த முதல் வருஷத்தில் கிடைப்பவை, தகுந்த காரணத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள் வரையிலும், உடம்பு சரியில்லாவிட்டால் 12 நாள் வரையிலும்தான். ஆகப் புதிதாகச் சேர்ந்தவருடைய கல்யாணம், பரீட்சை, தேனிலவு எல்லாம் அந்தத் தற்செயல் விடுப்புக்குள் அடங்க வேண்டும். அதைக் கல்யாணத்துக்கு முன்பே பங்கு போட்டுவிடுவது உத்தமம். கல்யாணத்துக்கு ஐந்து, பிரயாணத்துக்கு மூன்று, பரீட்சைக்கு ஒன்று, மீதி எதிர்பாராத காரியத்துக்கு என்று எழுதிக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊட்டிக்குப் போகலாமா என்றால், கூடவே கூடாது. தர்மத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முன்னெல்லாம் ஊட்டியில் எடுத்த படம் ஊர் வந்து சேரப் பத்து நாள் ஆகும். இப்போது படகுத் துறையில் நின்று எடுத்த படம், படகு நகருவதற்கு முன்பே சித்தி மகன் மூலமாக ஆபீஸ் வாட்ஸ்ஆப்புக்கு வந்துவிடுகிறது!

இன்னும் ஒன்று. முதல் மாதச் சம்பளத்தை நம்பிச் செலவுத் திட்டம் போடக் கூடாது. மாத நடுவில் சேர்ந்தால் அரைச் சம்பளம்தான் வரும். சம்பளப் பட்டியல் தயாரான பிறகு சேர்ந்தால் அதுவும் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரலாம். பழைய இடத்துக் கணக்கு முடிந்து வர வேண்டிய பணமும் நாம் நினைத்த நாளில் வராது. பிராவிடண்ட் பண்டில் ஏற்கெனவே பன்னிரண்டு இலக்க யூ.ஏ.என். எண் இருக்குமானால் அதையே புது இடத்தில் கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் பிற்பாடு இரண்டையும் இணைக்க அலைவது, கல்யாணமான புதிதில் செய்ய வேண்டிய காரியமல்ல.

விண்ணப்பம்: காத்திருக்காது

இப்போது சத்தம் போடாத விருந்தாளியைப் பார்ப்போம்.

எல்லாப் படிப்புமே கெடு வைத்துக் கழுத்தைப் பிடிப்பவை அல்ல. 1985-ல் தொடங்கப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை சேர்க்கை உண்டு. ஜனவரியை விட்டால் ஜூலை வரும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு இது ஒரு வசதி. ஆனால் தமிழ்நாட்டில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' வருஷத்துக்கு ஒரு தடவைதான். இரண்டு 'கேட்'களும் அப்படியே. விட்டால் அடுத்த வருஷம்தான்.

எழுதி வாங்கிய மதிப்பெண்களுக்கும் ஆயுள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொறியியல் 'கேட்' மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். நிர்வாகப் படிப்புக்கான 'கேட்' ஒரு வருஷம்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு வேண்டிய ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல் இரண்டும் இரண்டு வருஷம் செல்லும், ஜி.ஆர்.இ. ஐந்து வருஷம். கல்யாணத்துக்கு முன்பு சிரமப்பட்டு எழுதிய ஆங்கிலப் பரீட்சை, "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலாவதியாகிவிடக்கூடும். அலமாரியில் இருக்கும் மருந்துப் புட்டியை எடுத்துத் தேதி பார்ப்பதுபோல இதையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

புதுமணப் பெண்ணுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அதுதான் இனிஷியல்! நேற்று வரை அப்பாவின் முதல் எழுத்து. இன்று கணவரின் முதல் எழுத்து. கல்யாணப் பரிசாக வந்த வெள்ளிக் குத்துவிளக்கில்கூடப் புது இனிஷியலைப் பொறித்துவிடுகிறார்கள். குத்துவிளக்கில் இருந்துவிட்டுப் போகட்டும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதுதான். கல்யாணம் ஆனால் பெண் தன் பெயரை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்ற விரும்பினாலும், பரீட்சையும் சேர்க்கையும் முடிந்த பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். பிரயாணத்துக்கு எடுக்கும் ரயில் டிக்கெட்டிலும், கையில் உள்ள அடையாள அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே போட வேண்டும்.

பெயரைப் பற்றிப் பேசும்போதே கல்யாணப் பதிவையும் சொல்லிவிடலாம். 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்து முறைப்படி நடந்த கல்யாணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. ஒருவர் வெளிநாட்டில் படிக்கப் போய், மற்றவர் பிற்பாடு கூடப் போக வேண்டுமானால், விசாவுக்கு முதலில் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். ஐயர் வந்தார், ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள், ஆல்பம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் தூதரகத்தில் எடுபடாது.

மற்ற வேலைகளில் அதிக நாள் பிடிப்பது பிறர் கையில் இருப்பவை. கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலின் பிரதிகள் வர வேண்டும். பழைய பேராசிரியர் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டும். இவற்றைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பத்திரிகை கொடுக்க நேரில் போகிறோம் அல்லவா? அப்போதே கடிதத்தையும் கேட்டுவிட்டால் ஒரே பஸ் செலவில் இரண்டு காரியம் முடிந்தது.

கட்டணத்தையும் கணக்கில் எழுதுங்கள். பொறியியல் 'கேட்' தேர்வில் பெண்களுக்குக் கட்டணம் பாதிதான். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 75 டாலர், அதற்கு மேலும்கூடக் கேட்கின்றன. ஐந்தாறு இடங்களுக்குப் போட்டால் ஒரு சிக்கனமான ஊட்டிப் பிரயாணமே அதற்குள் அடங்கிவிடும். பணம் ஒரே பையிலிருந்துதான் வர வேண்டும் என்பதால், இந்தக் கணக்கை முதலில் எழுதிவிட்டு மிச்சம் இருப்பதில்தான் தேனிலவைத் திட்டமிட வேண்டும்.

தேனிலவு: நன்றாகவே காத்திருக்கும்

'தேனிலவு' என்ற சொல்லே இங்கிலீஷிலிருந்து நாம் மொழிபெயர்த்துக்கொண்டதுதான். 1961-ல் ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' படத்தில் காஷ்மீரத்து ஏரியைப் பார்த்த நாளிலிருந்து, தேனிலவு என்றால் பனிமலையும் படகும் இருந்தாக வேண்டும் என்று நம் மனத்தில் படிந்துவிட்டது. இப்போது மாலத்தீவு, பாலித் தீவு என்று எல்லை இன்னும் விரிந்திருக்கிறது. விரியட்டும், தப்பில்லை. ஆனால் கடன் வாங்கிக்கொண்டு போகிற தேனிலவில், திரும்பி வந்த பிறகு தேன் தீர்ந்துவிடும். தவணை மட்டும் தீராது.

"மொய் வந்திருக்கிறதே!" என்று சிலர் நினைக்கலாம். அந்த நோட்டைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். மொய் என்பது வரவல்ல, கடன். இன்னார் ஐந்நூறு, இன்னார் ஆயிரம் என்று பெயரும் ஊருமாக எழுதி வைப்பதே, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதற்காகத்தான். தவிர, அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் போக வேண்டியதாக அப்பா ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார். ஆகவே தேனிலவுச் செலவு தம்பதிகளின் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வருவதே கௌரவம்.

உதாரணத்துக்கு 20,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். இடம் எது என்று தீர்மானிக்கு முன்பே அதைப் பிரித்துவிடுங்கள். அறைக்கு 7,000, போக வர 4,000, சாப்பாட்டுக்கு 4,000, சுற்றிப் பார்க்க 2,000, மீதி 3,000-ஐத் தொடக் கூடாது. அது எதிர்பாராத செலவுக்கு. செலவாகாமல் திரும்பி வந்தால் விண்ணப்பக் கட்டணத்துக்கு ஆகும்.

பணத்தை மிச்சம் பிடிக்கச் சிறந்த வழி, ஊரை மாற்றுவதைவிட நாளை மாற்றுவதுதான். அதே ஊட்டி, அதே அறை, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஒரு விலை. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் வேறு விலை. வைகாசியில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தோடு மோதிக்கொள்ளாமல், மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு போனால் என்ன? எட்டு மாதம் கழித்துப் போனால் அது தேனிலவு இல்லை என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. அதற்குள் புது வேலையிலும் காலூன்றியிருப்பார்கள்; பாஷை புரியாத இரண்டு பேராகப் போகாமல் சிநேகிதர்களாகவும் போவார்கள்.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் குறைந்த லீவில் ஒரு திட்டம். ஞாயிறு இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினால் திங்கள் காலை மேட்டுப்பாளையம். அங்கே காலை 7.10-க்கு மலை ரயில் புறப்படுகிறது. 46 கிலோமீட்டர்தான், ஆனால் போய்ச் சேரப் பகல் ஆகிவிடும். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் போடப்பட்ட இந்தப் பாதையில் 16 குகைகள், 208 வளைவுகள். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. இஞ்சினில் உள்ள பற்சக்கரம் அதைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. இந்தப் பிரயாணமே பாதித் தேனிலவு! செவ்வாய் முழுவதும் ஊட்டி. புதன் பிற்பகல் 2 மணிக்கு உதகையிலிருந்து அதே ரயிலில் இறங்கினால், இரவு வண்டியைப் பிடித்து வியாழன் காலை சென்னை. மூன்று நாள் லீவு; இரண்டு இரவு வாடகை.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல், பிரயாண நாளைச் சேர்க்காமல் 60 நாள் முன்புதான் தொடங்குகிறது. முன்பு 120 நாளாக இருந்தது. மலை ரயிலில் இடம் குறைவு. முதல் நாளே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். அரசு பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து உதகைக்குப் போகும் ரயிலில் ஏறலாம். தேயிலைத் தோட்டங்களும் லவ்டேல் பள்ளத்தாக்கும் அந்தப் பாதியில்தான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து ரயில் ரத்தாவது உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்பிப் போகாதிருப்பது நல்லது.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்கள், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும், கொடைக்கானலுக்கும் அப்படியே. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குத் தடை உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் ஒன்றை எடுத்துப் போங்கள். கல்யாணத்தில் பரிசாக வந்தவை நாலாவது இருக்குமே!

சென்னையிலிருந்து மலை ஏறத்தான் வேண்டும் என்பதும் இல்லை. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் எதிரே கடற்கரையில் உட்கார்ந்திருக்கக் காசு கேட்க மாட்டார்கள். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். தெற்கே இருப்பவர்களுக்குக் கன்னியாகுமரி இருக்கிறது. அங்கே விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு நடந்தே போக 77 மீட்டர் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். கைகோத்து நடக்க அதைவிடத் தோதான இடம் வேறு எது?

சைக்கிளில் போன தேனிலவு

சிக்கனத் தேனிலவு என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்காக, பாரிஸ் நகரத்துத் தம்பதிகள் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் இதே மூன்று கவலைகள் ஒரே வருஷத்தில் வந்தன.

மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது, பௌதிகம் படித்தவர். நல்ல ஆராய்ச்சிகள் செய்திருந்தும் டாக்டர் பட்டத்துக்கு எழுதாமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தார். அவரை எழுத வைத்தது அந்தப் பெண்தான். 1895 மார்ச்சில் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் அவர் வேலை பார்த்த தொழிற்கல்லூரியில் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. ஜூலை 26-ஆம் தேதி, பாரிஸுக்கு அருகே ஸோ என்ற ஊரில் பதிவுத் திருமணம். மோதிரம் இல்லை, வெள்ளைப் பட்டு உடுப்பு இல்லை. பிற்பாடு ஆராய்ச்சிசாலைக்கும் போட்டுக்கொண்டு போக ஆகுமே என்று மணப்பெண் கருநீல உடுப்பு ஒன்றைத் தைத்துக்கொண்டாள். உறவினர் ஒருவர் பரிசாகக் கொடுத்த பணத்தில் இரண்டு சைக்கிள்கள் வாங்கி, பிரான்ஸ் தேசத்துக் கிராமச் சாலைகளில் சுற்றிவிட்டு வந்தார்கள். அதுதான் தேனிலவு.

திரும்பி வந்ததும் மணப்பெண் ஒரு கணக்குப் புத்தகம் வாங்கினாள். மூன்று சின்ன அறைகள் கொண்ட வீட்டில், கணவருடைய சம்பளத்தை வைத்துக்கொண்டு குடித்தனம். பகலில் ஆராய்ச்சி, மாலையில் சமையல், இரவில் மேஜையின் ஒரு பக்கம் கணவர் வகுப்புக்குக் குறிப்பு எழுதுவார், மறுபக்கம் மனைவி பரீட்சைக்குப் படிப்பாள். பிரான்ஸில் பெண்கள் உயர்பள்ளி ஆசிரியைத் தகுதிக்கு எழுத வேண்டிய கடினமான பரீட்சை அது. 1896-ல் அவள் அதில் முதலாவதாகத் தேறினாள்.

அந்தப் பெண் மேரி க்யூரி. கணவர் பியேர் க்யூரி. 1898-ல் ரேடியத்தையும் 1903-ல் நோபல் பரிசையும் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய அந்த ஒரு வருஷத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அவருடைய பட்டத்துக்கு அவள் பிடிவாதம் பிடித்தாள். அவளுடைய பரீட்சைக்கு அவர் மேஜையில் பாதி இடம் விட்டார். தேனிலவுக்குச் சைக்கிள் போதும் என்று இருவரும் நினைத்தார்கள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்"

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மூன்று காரியமும் மோதும்போது, யாரும் சண்டை போடாமலே ஒன்று நழுவிவிடுகிறது. கணவனின் வேலையை யாரும் தள்ளிப்போடச் சொல்வதில்லை. தேனிலவுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. விருந்துகளைத் தட்டினால் மனஸ்தாபம். மிச்சம் இருப்பது பெண்ணின் விண்ணப்பம்தான். "இந்த வருஷம் அலைச்சல் அதிகம், அடுத்த வருஷம் பார்க்கலாமே" என்று மாமியார் அன்பாகத்தான் சொல்கிறார். அவளும் தலையாட்டுகிறாள். அடுத்த வருஷம் தலைச்சன் பிரசவம். அதற்கடுத்த வருஷம் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. மதிப்பெண்ணுக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. யார் பேரிலும் குற்றம் சொல்ல முடியாத இந்த நஷ்டத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

இதைத் தடுக்கப் பெரிய புரட்சி ஒன்றும் செய்ய வேண்டாம். விண்ணப்பத் தேதியை, முகூர்த்தத் தேதியைப் போல, மாற்ற முடியாதது என்று முதலிலேயே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. மருமகள் சொன்னால் அது பிடிவாதம்; மகன் சொன்னால் அது செய்தி! "பரீட்சை முடிகிற வரையில் ஞாயிற்றுக்கிழமை விருந்து வேண்டாம் அத்தை, முடிந்ததும் வந்து ஒரு வாரம் தங்குகிறோம்" என்று அவர் ஒரு டெலிபோன் செய்துவிட்டால் அத்தை கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு வாரமா என்று கொஞ்சம் யோசிப்பார், அவ்வளவுதான்.

வைகாசியில் மணந்த பெண்களுக்கு நம் சம்பிரதாயமே ஒரு சலுகை தந்திருக்கிறது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் அல்லவா? ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம். சமையல் அம்மா பார்த்துக்கொள்வார். பழைய புத்தகங்கள் அந்த வீட்டு அலமாரியில்தான் இருக்கும். சான்றிதழ்களைத் தேடி எடுத்து, கட்டுரையை எழுதி, ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும்போது தயாராக இருக்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆடிச் சீரோடு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக் கொடுத்தால் பிறந்த வீட்டாருக்குப் புண்ணியம்.

புது வேலை, சொன்னால் கேட்கும். நீலகிரி மலை எங்கேயும் நகர்ந்துவிடாது. படிப்பைத்தான் இருவருமாகச் சேர்ந்து காவல் காக்க வேண்டும். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காகிதத்தை எடுத்து, முதல் வரியில் அந்தக் கடைசித் தேதியை எழுதட்டும். ஊட்டிக்கு நாள் குறிப்பதை இரண்டாவது வரியில் வைத்துக்கொள்ளலாம்.